பீரோச் சாவி உங்களிடம் இருக்கிறது. முடிவு எங்கே எடுக்கப்படுகிறது?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டபடி முதலில் சொல்லிவிடுகிறேன். நீடாமங்கலம் பக்கத்தில் ஒரு கிராமம். கணவருக்கு மூன்று ஏக்கர் நஞ்சை. நீங்கள் வீட்டிலேயே தையல் வேலை செய்கிறீர்கள். மகளிர் உரிமைத் தொகையும் வருகிறது. நெல் போட்ட பணம் வங்கிக்கு வந்ததும் எடுத்துவந்து உங்கள் கையில்தான் கொடுக்கிறார். குடிப்பழக்கம் இல்லை, கை நீட்டியதும் இல்லை. ஆனால் இந்த வைகாசியில் பக்கத்து வயலை ஒத்திக்கு (மொத்தமாகப் பணம் கொடுத்து, அது திரும்பி வரும்வரை பயிரிட்டுக்கொள்ள) பிடிப்பதென்று அவரும் அவருடைய அண்ணனும் பேசி முடித்துவிட்டு, பணம் கட்ட வேண்டிய நாளுக்கு முதல் நாள் இரவு உங்கள் ஆறு பவுன் நகையைக் கேட்டார். கொடுத்துவிட்டீர்கள். மனம் ஆறவில்லை. நாத்தனாரிடம் சொன்னால், "பீரோச் சாவியே உன்னிடம் இருக்கிறது, இன்னும் என்ன வேண்டும்?" என்கிறார். கணவனும் மனைவியும் பணத்தை எப்படிப் பங்கிட்டுக்கொள்வது முறை, தையல் பணத்தை அவருக்குத் தெரியாமல் தனியாக வைத்துக்கொள்ளலாமா என்று இரண்டு கேள்விகள் கேட்டிருக்கிறீர்கள். அவற்றுக்குக் கீழே மூன்றாவதாக ஒன்று இருப்பதாக எனக்குப் படுகிறது: எல்லாப் பணமும் கைக்கு வந்த பிறகும் எனக்கு ஏன் அதிகாரம் இருப்பதாகத் தோன்றவில்லை, அப்படித் தோன்றுவது என் குறையா?

உங்கள் குறை இல்லை. உங்கள் மனம் சரியான இடத்தில்தான் உறுத்துகிறது.

நான் காவிரி டெல்டாவின் கிராமப்புற வங்கிக் கிளைகளில் விவசாயக் கடன் பிரிவில் பல ஆண்டுகள் வேலை பார்த்தவள். ஓய்வுக்குப் பிறகு மகளிர் குழுக்களுக்குக் கணக்கும் கடனும் சொல்லித்தருகிறேன். நகைக்கடன் மேசைக்கு முன்னால் கணவனும் மனைவியுமாக வந்து உட்கார்ந்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். யார் பேசுகிறார்கள், யார் கையெழுத்துப் போடுகிறார்கள், யாருடைய கழுத்து வெறுமையாகத் திரும்புகிறது என்பதெல்லாம் அந்த மேசையிலிருந்து நன்றாகத் தெரியும். தெரியாதது, அவர்கள் வீட்டுக்குப் போன பிறகு நடப்பது. அதனால் உங்கள் கணவரைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல எனக்குத் தகுதி இல்லை. நீங்கள் எழுதிய பக்கம் மட்டுமே என் முன்னால் இருக்கிறது. பணத்தின் பாதை பற்றிப் பேசலாம்.

பணத்தை நிர்வகிப்பது வேறு, பணத்தின் மேல் அதிகாரம் செலுத்துவது வேறு. இதை ஆராய்ச்சி உலகில் தெளிவாகப் பிரித்துக் காட்டியவர்களில் ஒருவர் ஜேன் பால் என்ற ஆங்கிலேயச் சமூகவியலாளர். 1980களில் இங்கிலாந்தின் கென்ட் பகுதியில் 102 தம்பதிகளைச் சந்தித்துப் பேசினார். கணவனையும் மனைவியையும் சேர்த்து உட்கார வைத்தும் கேட்டார், தனித்தனியாகவும் கேட்டார். சம்பளம் முழுவதையும் மனைவியிடம் கொடுத்துவிடும் வீடுகள், வீட்டுச் செலவுக்கு ஒரு தொகையை மட்டும் கொடுக்கும் வீடுகள், இருவர் பணமும் ஒன்றாகக் கலக்கும் வீடுகள், அவரவர் பணம் அவரவரிடம் இருக்கும் வீடுகள் என்று பல வகைகளைக் கண்டார். முழுப் பணமும் மனைவி கைக்கு வரும் வழக்கம் வருமானம் குறைந்த வீடுகளில்தான் அதிகம் இருந்தது. பற்றாக்குறையைச் சமாளிப்பது அங்கே ஒரு சுமை, அந்தச் சுமை பெண்ணிடம் போனது. இது நம் ஊருக்கு எவ்வளவு பொருந்துகிறது என்று நீங்களே பாருங்கள். மளிகைக் கடைக்கு எவ்வளவு, மின் கட்டணத்துக்கு எவ்வளவு, பள்ளிக்கூடத்துக்கு எவ்வளவு என்று பிரித்து, போதாத மாதத்தில் யாரிடம் கைமாற்று வாங்குவது என்பது வரை யோசிப்பவர் நீங்கள். அது உழைப்பு. அதை அதிகாரம் என்று நாத்தனார் சொல்கிறார்.

டெல்டாவில் இது இன்னும் கூர்மையாக இருப்பதற்கு ஒரு காரணம் இருக்கிறது. அதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். மாதச் சம்பளக்காரர் வீட்டில் பணமும் முடிவும் ஏறத்தாழ ஒரே நேரத்தில் வருகின்றன. நெல் விளைகிற வீட்டில் அப்படி இல்லை. மேட்டூர் அணையை ஜூன் 12 அன்று திறப்பது மரபு. தண்ணீர் வருமா வராதா என்ற பேச்சு சித்திரையிலேயே தொடங்கிவிடும். குறுகிய காலக் குறுவை போடுவதா, விட்டுவிட்டு நேராக நீண்ட காலச் சம்பாவுக்குப் போவதா, எந்த ரகம், எத்தனை ஏக்கர், கூடுதலாகக் குத்தகைக்கோ ஒத்திக்கோ பிடிப்பதா, சங்கத்தில் பயிர்க்கடன் எவ்வளவு, மீதிக்கு நகையா, தனியார் கடனா, உரக்கடையில் கணக்கு யார் பெயரில் என்ற முடிவுகள் எல்லாம் தண்ணீர் வருவதற்கு முன்னாலோ வந்த கையோடோ எடுக்கப்படுகின்றன. எங்கே எடுக்கப்படுகின்றன? டீக்கடையில், மதகடியில், கூட்டுறவுச் சங்க வாசலில், அண்ணன் தம்பி உட்காரும் திண்ணையில். பணம் வருவதோ குறுவை என்றால் புரட்டாசி, ஐப்பசியில்; சம்பா, தாளடி என்றால் தை, மாசியில். இடையில் நான்கைந்து மாதத்திலிருந்து எட்டொன்பது மாதம் வரை ஓடிவிடுகிறது.

பணம் வரும்போது எப்படி வருகிறது என்பதையும் பாருங்கள். நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் மூட்டைகளோடு காத்துக் கிடந்து, ஈரப்பதம் 17 சதவீதத்துக்குள் இருக்கிறதா என்று பார்த்து, எடை போட்டு முடித்தால் தொகை வங்கிக் கணக்கில் ஏறும். அந்தக் கணக்கு பெரும்பாலும் சிட்டா, அடங்கல் என்ற நிலப் பதிவேடுகளில் பெயர் உள்ளவருடையது. அதாவது உங்கள் கணவருடையது. அதிலிருந்து சங்கத்துக் கடன் கழியும். குறித்த தவணைக்குள் கட்டினால்தான் வட்டியில்லாச் சலுகை என்பதால் அதை முதலில் கட்டுவார்கள். அறுவடை இயந்திரத்துக்கு மணிக்கணக்கில் வாடகை, உரக்கடைப் பாக்கி, நாற்றங்காலுக்கு வாங்கிய கைமாற்று. இவ்வளவும் போன பிறகு மிஞ்சுவதைத்தான் அவர் அப்படியே உங்கள் கையில் கொண்டுவந்து தருகிறார். அவர் ஏமாற்றவில்லை, மறைக்கவும் இல்லை. ஆனால் சித்திரையிலும் வைகாசியிலும் எடுத்த முடிவுகளின் மிச்சம்தான் தையில் உங்கள் கைக்கு வருகிறது. அந்த மிச்சத்தை எப்படிச் செலவு செய்வது என்பதில் உங்களுக்கு முழுச் சுதந்திரம் இருக்கிறது. அது எவ்வளவாக இருக்க வேண்டும் என்பதில் உங்களுக்குக் குரலே இருந்ததில்லை. உங்கள் மனம் ஆறாமல் இருப்பதற்கு இதுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

இதனால்தான் "உங்கள் வீட்டில் முடிவுகளை யார் எடுக்கிறார்கள்?" என்ற கேள்விக்கு வருகிற பதில்களை நான் அப்படியே நம்புவதில்லை. தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் மணமான பெண்களிடம் மூன்று முடிவுகளைப் பற்றிக் கேட்கிறார்கள்: தன் உடல்நலச் சிகிச்சை, வீட்டுக்குப் பெரிய பொருள் வாங்குவது, பிறந்த வீட்டுக்கும் உறவினர் வீடுகளுக்கும் போய்வருவது. மூன்றும் முக்கியம்தான். ஆனால் நிலம், கடன், அடகு, ஒத்தி எதுவும் அந்த மூன்றில் இல்லை. "இருவரும் சேர்ந்து" என்று சொல்கிற வீட்டில், எதைப் பற்றிப் பேசுவது என்று தீர்மானிப்பவர் யார் என்பதும் அந்தப் பதிலில் தெரியாது. வீட்டுக்குப் பிரிட்ஜ் வாங்கலாமா என்று உங்களிடம் கேட்டிருப்பார். வயல் பிடிக்கலாமா என்று கேட்கவில்லை.

இப்போது நகைக்கு வருகிறேன், உங்கள் கடிதத்தில் மிகக் கனமான பகுதி அதுதான். சட்டம் இதில் ஐயத்துக்கு இடமில்லாமல் பேசுகிறது. திருமணத்தின்போதும் அதற்கு முன்னும் பின்னும் உங்களுக்கு வந்த நகை சீதனம். அது உங்களுடையது, கணவருக்கு அதில் கூட்டுரிமை கிடையாது. 1985இல் பிரதிபா ராணி வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொன்னது. 2024இல் மீண்டும் ஒரு வழக்கில், நெருக்கடியில் கணவர் அதைப் பயன்படுத்திக்கொள்ளலாம், ஆனால் திருப்பித் தரும் கடமை அவருக்கு உண்டு என்று உறுதிப்படுத்தியது. இந்து வாரிசுரிமைச் சட்டம் 1956இன் 14ஆம் பிரிவும் பெண்ணின் சொத்தை அவளுடைய முழு உரிமையாகத்தான் வைக்கிறது.

நடைமுறை எப்படி இருக்கிறது? விவசாய நகைக்கடன் என்றால் வங்கியில் சிட்டா, அடங்கல் கேட்பார்கள். நிலம் கணவர் பெயரில் இருப்பதால் கடனும் அவர் பெயரில் போகும். அடகு வைப்பவர் "இந்த நகை என்னுடையது" என்று உறுதிமொழியில் கையெழுத்திடுகிறார். மனைவியின் கழுத்திலிருந்து கழற்றிய நகை அந்தக் கையெழுத்தோடு ஏட்டில் கணவருடையதாகிவிடுகிறது. மீட்கும் உரிமை கடன் வாங்கியவருக்கு. ஏலம் வந்தால் அறிவிப்பும் அவருக்கு வரும். அந்தக் கடிதத்தை மனைவி பார்க்காமலே போன வீடுகள் எனக்குத் தெரியும். வட்டியைக் கட்டித் திருப்பி வைத்து, திருப்பி வைத்து, நகை வீட்டுக்கு வராமலேயே ஆண்டுகள் போவதும் இங்கே சாதாரணம். ஆகவே உங்கள் ஆறு பவுன் எந்த வங்கியில், யார் பெயரில், எந்தத் தேதி வரை இருக்கிறது என்ற விவரத்தை இந்த வாரமே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். அடகுச் சீட்டின் நகல் உங்கள் கையில் இருக்கட்டும்.

ஒன்றை இங்கேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் உங்களுக்கு யாரும் இதைச் சொல்லியிருக்க மாட்டார்கள். உங்கள் நகைப் பணத்தில் பிடித்த ஒத்தி உங்கள் பெயரில் இருக்கலாம். குறைந்தது இருவர் பெயரிலும் இருக்கலாம். ஒத்திப் பத்திரம் பதிவு செய்யப்பட வேண்டிய பத்திரம். முத்திரைத் தாளில் எழுதி இரண்டு பேர் சாட்சிக் கையெழுத்துப் போட்டு வைத்துக்கொள்வது நம் பக்கத்தில் வழக்கமாக இருந்தாலும், தகராறு என்று வந்தால் அது நிற்பது கடினம். இன்னும் பதிவாகவில்லை என்றால் உங்களுக்கு வாய்ப்பு இருக்கிறது. "என் நகையைக் கொடு என்று கேட்கவில்லை, என் நகை எந்த வயலில் இருக்கிறதோ அந்தக் காகிதத்தில் என் பெயரும் இருக்கட்டும்" என்று கேளுங்கள். நியாயமான மனிதருக்கு இதில் மறுக்க ஒன்றும் இல்லை.

பணம் யார் கைக்குப் போகிறது என்பதால் வீட்டில் ஏதாவது மாறுகிறதா என்பதைப் பொருளாதார அறிஞர்கள் நீண்ட காலம் ஆராய்ந்திருக்கிறார்கள். குடும்பம் ஒரே மனதாக முடிவெடுக்கும் ஓர் அலகு, பணம் யார் வழியாக வந்தாலும் செலவு ஒரே மாதிரிதான் இருக்கும் என்பது பழைய கொள்கை. அது தவறு என்பதற்கு இப்போது நல்ல சான்றுகள் உள்ளன. பிரிட்டனில் 1970களின் கடைசியில் பிள்ளைகளுக்கான வரிச்சலுகையை நீக்கி, அதற்குப் பதிலாகத் தாய்மாரிடம் நேரடியாகப் பணம் கொடுக்கத் தொடங்கினார்கள். அதன் பிறகு ஆண்கள் உடைக்கான செலவோடு ஒப்பிடும்போது பெண்கள், பிள்ளைகள் உடைக்கான செலவு கூடியது என்று ஷெல்லி லண்ட்பெர்க்கும் அவருடைய இரு சகாக்களும் 1997இல் காட்டினார்கள். தென்னாப்பிரிக்காவில் முதியோர் ஓய்வூதியம் பாட்டிமார் கைக்குப் போன வீடுகளில் பேத்திகளின் எடை தேறியது, தாத்தாமார் கைக்குப் போன வீடுகளில் அப்படி ஒரு விளைவு தெரியவில்லை என்று எஸ்தர் டுஃப்லோ 2003இல் எழுதினார். தமிழகத்திலும் கேரளத்திலும் வேளாண் கூலிக் குடும்பங்களை ஆராய்ந்த மானுடவியலாளர் ஜோன் மென்ஷர், பெண்கள் தங்கள் கூலியில் ஏறத்தாழ முழுவதையும் வீட்டுக்குக் கொடுப்பதையும் ஆண்கள் தங்கள் கூலியில் ஒரு பகுதியைத் தங்களுக்கென்று நிறுத்திக்கொள்வதையும் பதிவு செய்தார். நடவுக்கும் களை பறிக்கவும் போகிற பெண்களின் வீடுகளில் இன்றும் நான் காண்பது அதுதான்.

இதுவரை சொன்னது உறுதி. பெண்ணின் பெயரில் பணம் போனால் பெண்ணுக்கு அதிகாரம் வந்துவிடுமா என்பதுதான் ஐயத்துக்குரியது. வங்காளதேசத்தில் பெண்கள் பெயரில் கொடுத்த சிறுகடன்களை ஆராய்ந்த ஆன் மேரி கோட்ஸும் ரினா சென் குப்தாவும், பல கடன்களின் பயன்பாடு கணவர் அல்லது வீட்டு ஆண்களின் கட்டுப்பாட்டில் இருந்ததை 1996இல் எடுத்துக்காட்டினார்கள். டெல்டாவில் வாரத் தவணை வசூலுக்கு வரும் நுண்கடன் நிறுவனங்களின் பட்டியலில் இருப்பவை பெண்களின் பெயர்கள். மோட்டார் வாங்கியதும், மகன் வெளிநாடு போக ஏஜென்டுக்குக் கட்டியதும் அந்தப் பணம்தான். கெடு தவறினால் கெடுவது அவளுடைய கடன் மதிப்பெண். பெயர் பெண்ணுடையதாகவும் பயன் வேறொருவருடையதாகவும் இருக்கிற கடன் அதிகாரம் தராது. பொறுப்பை மட்டும் தரும். மறுபுறம், மத்தியப் பிரதேசத்தில் நூறு நாள் வேலைக் கூலியைப் பெண்களின் சொந்த வங்கிக் கணக்கில் செலுத்தி, கணக்கைக் கையாளவும் பயிற்சி கொடுத்தபோது அவர்கள் வேலைக்குப் போவது கூடியது என்று எரிகா ஃபீல்டும் ரோகிணி பாண்டேயும் அவர்களுடைய குழுவினரும் 2021இல் வெளியிட்ட ஆய்வு சொல்கிறது. அங்கே கணக்கு மட்டும் கொடுக்கவில்லை, பயிற்சியும் கொடுத்தார்கள் என்பதைக் கவனியுங்கள். கணக்கு உங்கள் பெயரில் இருந்து, ஏ.டி.எம். அட்டை மகனிடமும் ஓ.டி.பி. வருகிற போன் கணவரிடமும் இருந்தால் அந்தக் கணக்கு எந்த அளவுக்கு உங்களுடையது?

மகளிர் உரிமைத் தொகை பற்றி ஒரு வார்த்தை. 2023 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய திட்டம், மாதம் ஆயிரம் ரூபாய். தொகை சிறியது என்று பலர் சொல்கிறார்கள். என் குழுப் பெண்களிடம் நான் பார்த்த வரையில் அதன் பெருமை தொகையில் இல்லை. யாரிடமும் கணக்குச் சொல்லாமல் செலவு செய்யக்கூடிய பணம் என்பது அவர்களில் பலருக்கு அதுவரை இருந்ததில்லை. கண் மருத்துவரிடம் போய்வந்தவர்கள், மகளுக்கு நாப்கின் வாங்கியவர்கள், தீபாவளிச் சீட்டில் சேர்ந்தவர்கள் என்று எனக்குத் தெரிந்த பலர் உண்டு. இதனால் பெரிய முடிவுகளில் அவர்களுக்குக் குரல் கூடியிருக்கிறதா என்றால், நான் பழகிய குழுக்களை மட்டும் வைத்துக்கொண்டு அப்படிச் சொல்ல மாட்டேன். ஆயிரம் ரூபாய் வந்ததும் வீட்டுச் செலவுக்குக் கொடுப்பதை அந்த அளவு குறைத்துக்கொண்ட கணவர்களையும் பார்த்திருக்கிறேன்.

குரலைக் கூட்டுவதில் நான் பார்த்தவற்றுள் வலுவானது நிலம்தான். அமர்த்திய சென் வீட்டுக்குள் நடக்கும் பேரத்தைப் பற்றி எழுதும்போது, உறவு முறிந்தால் யாருடைய நிலை அதிகம் மோசமாகும் என்பது, முறியாதபோதும் இருவருடைய குரலையும் தீர்மானிக்கிறது என்றார். பீனா அகர்வால் அதை நிலத்தோடு பொருத்தி, பெண்ணின் பெயரில் நிலம் இருப்பதே அந்த நிலையை மாற்றும் என்று வாதிட்டார். இதை நம் மண்ணில் செய்தே காட்டியவர் கிருஷ்ணம்மாள் ஜெகந்நாதன். 1968 கீழ்வெண்மணிக் கொடூரத்துக்குப் பிறகு நாகைப் பகுதிக்கு வந்து, 1981இல் தொடங்கிய லாப்டி இயக்கத்தின் வழியாக ஆயிரக்கணக்கான தலித் குடும்பங்களுக்கு நிலம் வாங்கிக் கொடுத்தார். பட்டா பெண்களின் பெயரில். வீட்டுக்கு ஏறத்தாழ ஓர் ஏக்கர்தான். ஆனால் கொள்முதல் நிலையத்திலும் கூட்டுறவுச் சங்கத்திலும் விண்ணப்பத்தில் எழுதுகிற பெயர் அவளுடையது என்றால், வைகாசிப் பேச்சில் அவளை விட்டுவிட்டுப் பேச முடியாது.

உங்கள் நிலை வேறு; நிலம் கணவருக்கு அவருடைய தகப்பனார் வழியில் வந்தது. அவர் உயிரோடு இருக்கும்வரை அவருடைய நிலத்தில் மனைவிக்குத் தானாக வரும் உடைமை உரிமை எதுவும் இந்தியச் சட்டத்தில் இல்லை. கோவாவில் மட்டும் வேறு மாதிரி. உங்களுக்கு இருப்பது பராமரிப்பு உரிமை. அவருக்குப் பின் பிள்ளைகளோடும் மாமியார் இருந்தால் அவரோடும் சமபங்கு. 2023 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் ஒரு முக்கியமான தீர்ப்புத் தந்தது: கணவர் சவுதியில் சம்பாதித்து அனுப்பிய பணத்தில் வாங்கிய சொத்தில், வீட்டைக் காத்த மனைவியின் உழைப்பும் கலந்திருக்கிறது, அவருக்கும் பங்கு உண்டு என்றது. ஆண்கள் பலர் வெளிநாட்டில் சம்பாதிக்கிற கூத்தாநல்லூரிலும் முத்துப்பேட்டையிலும் அந்தத் தீர்ப்பைப் பற்றிப் பெண்கள் பேசிக்கொண்டதைக் கேட்டிருக்கிறேன். எனக்கும் பெரிய மகிழ்ச்சி. ஆனால் அது ஒற்றை நீதிபதி, ஒரு வழக்கின் உண்மைகளை வைத்துத் தந்த தீர்ப்பு. அதை நம்பிக் காகிதத்தில் பெயர் சேர்க்காமல் இருந்துவிடாதீர்கள். உங்கள் பிறந்த வீட்டுச் சொத்தையும் மறக்காதீர்கள். தமிழ்நாடு 1989இலேயே மணமாகாத மகள்களுக்குக் கூட்டுக் குடும்பச் சொத்தில் சம உரிமை தந்தது. 2005 மத்தியச் சட்டம் மணமான மகள்களுக்கும் தந்தது. 2020இல் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. சீர் செய்துவிட்டார்கள் என்பதற்காக அந்தப் பங்கு தீர்ந்துவிடுவதில்லை. கேட்பதா வேண்டாமா என்பது உங்களுக்கும் உங்கள் உடன்பிறந்தவர்களுக்கும் இடையில் உள்ளது. கேட்காமல் விடுவதும் தெரிந்து எடுத்த முடிவாக இருக்க வேண்டும்.

சம்பளக்காரத் தம்பதிகள் கதை வேறு. தஞ்சாவூரிலும் கும்பகோணத்திலும் இருவரும் ஆசிரியராக இருக்கிற வீடுகளில் அவள் சம்பளம் வீட்டுச் செலவுக்கும் அவர் சம்பளம் வீட்டுக் கடனுக்கும் போகிறது. பதினைந்து ஆண்டு கழித்து வீடு அவர் பெயரில் நிற்கும். அவள் போட்ட பணம் சாப்பாடாகவும் பள்ளிக் கட்டணமாகவும் கரைந்திருக்கும். இருவரும் சமமாகத்தான் போட்டார்கள்.

சரி, நீங்கள் என்ன செய்யலாம்? ஒன்றைத்தான் வலியுறுத்துவேன். அடுத்த சித்திரையில், தண்ணீர்ப் பேச்சு தொடங்கும்போதே, சாகுபடிக் கணக்கை இருவரும் உட்கார்ந்து எழுதுங்கள். எத்தனை ஏக்கர், எந்தக் கடன், எவ்வளவு, எப்போது கட்டுவது, எது அடகு. ஒரு நோட்டுப் புத்தகம் போதும். அவரிடம், "என்னைக் கேட்காமல் செய்தீர்கள்" என்று தொடங்கினால் அவர் தன்னைக் காத்துக்கொள்ளத்தான் பார்ப்பார். "தையில் எவ்வளவு கையில் வரும் என்று எனக்கு இப்போதே தெரிந்தால் சீட்டுப் போடுவதா வேண்டாமா என்று முடிவு செய்வேன்" என்று தொடங்குங்கள். வீட்டுக் கணக்கை இத்தனை ஆண்டு நடத்தியவர் நீங்கள். ஒரு மூட்டை குறைந்தால் எந்தச் செலவு விழும் என்பது அவரைவிட உங்களுக்குத்தான் தெரியும். அந்த அறிவு சாகுபடி முடிவுக்குப் பயன்படாமல் போவது அவருக்கும் நஷ்டம். அண்ணனைக் கேட்பதை அவர் விட்டுவிட வேண்டும் என்பதில்லை. அண்ணனிடம் பேசுவதற்கு முன்னால் உங்களிடம் பேசியிருக்க வேண்டும். கொள்முதல் பணம் விழுகிற கணக்கை இருவர் பெயரிலும் வைத்துக்கொள்ள முடியுமா என்று கொள்முதல் நிலையத்திலும் வங்கியிலும் கேளுங்கள். வங்கியில் நியமனதாரராக (நாமினி) உங்கள் பெயரைக் குறிப்பிட்டிருப்பதை உரிமை என்று எண்ணிவிட வேண்டாம்; நியமனதாரர் என்பவர் பணத்தைப் பெற்றுச் சட்டப்படியான வாரிசுகளுக்குச் சேர்ப்பிப்பவர் மட்டுமே.

இவ்வளவும் பேசினால் காது கொடுக்கிற மனிதர் என்று வைத்துச் சொன்னது. கேட்டதற்கே கோபம், மிரட்டல், நகையைத் தர மறுத்ததற்கு அடி என்றால் அது பேசித் தீர்க்கிற கட்டம் இல்லை. 2005 குடும்ப வன்முறைச் சட்டத்தில் பொருளாதார வன்முறையும் அடங்கும். சீதனத்தை உங்கள் விருப்பத்துக்கு மாறாக விற்பதோ அகற்றுவதோ அதில் சேரும். 181 மகளிர் உதவி எண். நீங்கள் எழுதியதில் அப்படி ஒரு சாயல் எனக்குத் தெரியவில்லை; இதே நிலையில் இதைப் படிக்கிற இன்னொருவருக்குத் தேவைப்படலாம் என்று எழுதுகிறேன்.

கடைசியாகத் தையல் பணம். பிலிப்பைன்ஸில் பெரும்பாலான வீடுகளில் மனைவிதான் பணத்தை வைத்துக்கொள்கிறாள். அங்கே நாவா அஷ்ரப் நடத்திய ஒரு சோதனையில், பண நிர்வாகம் மனைவியிடம் இருந்த வீடுகளின் கணவர்கள், அவளுக்குத் தெரியாது என்றால் பணத்தைத் தங்கள் சொந்தக் கணக்கில் போட்டார்கள். முன்கூட்டி அவளோடு பேச வேண்டும் என்றபோது அவள் கணக்கில் போட்டார்கள். அதாவது மறைப்பது ஆண், பெண் இயல்பைப் பொறுத்ததல்ல. தன் சொல் எடுபடாத இடத்தில் யாரும் மறைப்பார்கள். நம் பாட்டிமார் அரிசிப் பானைக்குள் காசு ஒளித்ததும் அதனால்தான். என் கருத்து, தையல் பணத்தைத் தனிக் கணக்கில் போடுங்கள், ஓ.டி.பி. உங்கள் போனுக்கு வரட்டும், ஆனால் அப்படி ஒரு கணக்கு இருப்பதை அவரிடம் சொல்லிவிடுங்கள். இருப்பு எவ்வளவு என்று மாதாமாதம் சொல்ல வேண்டியதில்லை. மறைத்து வைத்த பணத்தை அவசரத்தில் வெளியே எடுக்கும்போது, அது எப்படி வந்தது என்ற கேள்விக்குப் பதில் சொல்வதிலேயே அதன் பயன் போய்விடும். தெரிந்த பணம் என்றால், நகையை மீட்கும் தவணையில் பாதியை நீங்கள் கட்டும்போது ரசீது உங்கள் பெயரில் இருக்கும், அடுத்த வைகாசியில் நீங்கள் அதைக் காட்டிப் பேசவும் முடியும்.